பீச்சாங்கைக்காரர்களே, துப்பாக்கி வாங்கும்முன் கட்டையில் நூல் பிடித்துப் பாருங்கள்

இங்கிலாந்தில் சர்ரே பக்கம் கிளே (பறக்கவிடும் தட்டு) சுடப் போகிற நம்மாட்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறோம். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. அதிலும் என்னைப் போன்ற பீச்சாங்கைக்காரர்கள் முழுதாகப் படித்துவிடுங்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ட்ராப் என்ற கிளே போட்டியில் சுட்டதைப் பார்த்ததிலிருந்து தொற்றிய ஆசை இது. போலீஸ் சர்டிஃபிகேட், சுவரில் போல்ட் அடித்த இரும்புப் பெட்டி எல்லாம் முடிந்து, போன வருடம் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் 12 போர் ஓவர்-அண்டர் (ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள, பொடிக் குண்டுகளைத் தூவும் ஷாட்கன்) வாங்கினேன். 1,150 பவுண்டு. விளம்பரத்தில் "எந்தக் கைக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தார்கள். நேரிலும் கேட்டேன். "காஸ்ட் எதுவும் இல்லை, நேர்க்கட்டைதான்" என்றார் கடைக்காரர். காஸ்ட் என்றால், தோளில் வைக்கிற மரக்கட்டை பக்கவாட்டில் வளைந்திருப்பது. தோளில் வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. புதுச் செருப்பு கடைக்குள்ளேயே கடிக்குமா என்ன?

அடுத்த இரண்டரை வாரமும் ஒரே கதை. இடமிருந்து வலமாகப் போகிற தட்டு பொடிப்பொடியாகும். வலமிருந்து இடமாக வருவதில் ஒரு கீறல்கூட விழாது. 25க்கு 11, 12 என்று நொண்டிக்கொண்டிருந்தேன்.

19ஆம் நாள் கடைக்குத் திரும்பப் போனேன். முதலில், துப்பாக்கியைத் தட்டோடு நகர்த்தும் வீச்சை நான் பாதியில் நிறுத்திவிடுகிறேன், தட்டுக்கு இன்னும் முன்னால் விட்டுச் சுட வேண்டும் என்றார். அப்புறம் எனக்கு வலக்கண் ஆதிக்கம் (இரு கண்ணும் திறந்திருந்தால் மூளை வலக்கண்ணையே நம்புவது) என்று சொல்லி, மூக்குக்கண்ணாடியின் வலப் பக்கத்தில் டேப் ஒட்டினார். அது ஒன்றும் அபத்தமான யோசனை இல்லை, வலக்கண் ஆதிக்கம் இருந்தாலும் இடத்தோளில் வைத்த துப்பாக்கி வலப்பக்கம்தான் சுடும். ஆனால் டேப் ஒட்டியும் எதுவும் மாறவில்லை. கடைசியில் "கட்டை உங்களுக்கு நீளம்" என்றார். முழங்கை மடிப்பில் கட்டையின் அடியை வைத்து, விரல் ட்ரிகரை எட்டுகிறதா என்று பார்த்தார். அவ்வளவுதான் அளவு. கழுத்து நீளம், கன்னத்தின் தடிமன், தோள் அகலம் எதற்கும் அந்தச் சோதனையில் இடமில்லை. ஒரு அங்குலம் அறுத்தார். ரசீதில் "ஃபிட்டிங் 180 பவுண்டு" என்று எழுதினார்.

அறுத்த பிறகு ஒவ்வொரு வெடிக்கும் கட்டைவிரல் மூக்கில் இடித்தது. போதாக்குறைக்குக் குண்டு தட்டுக்கு மேலாகவும் போக ஆரம்பித்தது. கேட்டால், ட்ராப்காரர்கள் வேண்டுமென்றே மேலே சுடும் துப்பாக்கியைத்தான் விரும்புவார்கள் என்று பதில். அது உண்மைதான், ட்ராப்பில் தட்டு ஏறிக்கொண்டே விலகிப் போகும். நான் சுடுவது ஸ்போர்ட்டிங், தட்டு பல திசையிலும் வருகிற வகை. அதில் பாதித் தட்டு இறங்கிக்கொண்டிருக்கும்.

விஷயம் புரிந்தது கிளப்பில் ஒரு பெரியவரால். கட்டை வேலை செய்து ஓய்வு பெற்றவர். வெள்ளையடித்த இரும்புத் தகடு முன்னால், 16 கஜத்தில் என்னை நிறுத்தினார். "குறி பார்க்க வேண்டாம். நடுப் புள்ளியைப் பாருங்க, தூக்கினதும் சுடுங்க" என்றார். ஆறு தோட்டா. ஒவ்வொன்றுக்கும் பிறகு அவரே போய் ரோலரால் வெள்ளையடித்துவிட்டு வந்தார். ஆறும் ஏறக்குறைய ஒரே இடத்தில், நடுவிலிருந்து வலப்பக்கம் நாலு அங்குலம், மேலே மூன்று அங்குலம். கை நடுக்கமோ வீச்சுக் கோளாறோ என்றால் ஆறும் ஆறு திசையில் போயிருக்கும்.

"நாலு அங்குலம்னா, கண் கால் அங்குலம் தள்ளி இருக்கு" என்றார் உடனே. கணக்கு எளிது. ஷாட்கன்னில் பின்சைட் (கண் பக்கத்துக் குறிகாட்டி) கிடையாது, கண்தான் பின்சைட். கண்ணிலிருந்து குழல் முனை வரை சுமார் ஒரு கஜம். கண் எவ்வளவு விலகியிருக்கிறதோ, 16 கஜத்தில் அதுபோல் 16 மடங்கு குண்டு விலகும். அதே கால் அங்குலம் 40 கஜத்தில் 10 அங்குலமாகிவிடும். குண்டு பரவுகிற வட்டத்தை அந்தத் தூரத்தில் 30 அங்குலம் என்று வைத்துக்கொள்வார்கள், அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்கு 15 அங்குலம். அதில் 10 போய்விட்டால் மிஞ்சுவது குண்டு அரிதாக விழுகிற விளிம்புதான். தட்டோ வெறும் 110 மில்லிமீட்டர்.

என் வலம்-இடம் புதிரும் அங்கேயே அவிழ்ந்தது. நான் வீச்சில் கொஞ்சம் பின்தங்குகிறவன்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். வலப்பக்கம் போகிற தட்டுக்கு, வலப்பக்கம் சுடுகிற துப்பாக்கி அந்தக் குறையை ஈடுகட்டியது. எதிர்த்திசையில் வந்தால் இரண்டு குறையும் கூட்டு சேர்ந்துகொண்டன.

பிறகு துப்பாக்கியைத் திறந்து இரண்டு குழலும் காலி என்று எனக்கும் காட்டிவிட்டு, மேசையில் துணி விரித்துக் கவிழ்த்து வைத்தார். குழலின் நடுக்கோட்டில் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, கட்டையின் அடிவரை கொண்டுவந்தார். அடியின் நடுவும் நூலும் 8 மில்லிமீட்டர் விலகி நின்றன. பிடித்துப் பார்க்கிற திசையில் சொன்னால், கட்டை வலப்பக்கம் வளைந்திருந்தது. நேர்க்கட்டை இல்லை. சோத்தாங்கைக்காரருக்காகச் செய்தது. ரிப் (குழலின் மேல் ஓடும் பட்டை) வலக்கண்ணுக்கு நேராக வருவதற்காக அப்படி வளைப்பார்கள். இடத்தோளில் வைக்கிற எனக்கு அதே வளைவு கன்னத்தை இன்னும் வலப்பக்கம் தள்ளி, இடக்கண்ணை ரிப்பைத் தாண்டி நிறுத்தியது.

மேலே போனதற்குக் காரணம் அந்த அறுப்பு. கன்னம் படுகிற மேல்விளிம்பு தோளை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. கட்டை குட்டையானால் முகம் முன்னால் ஏறி, உயரமான இடத்தில் உட்காரும். கண் உயர்ந்தால் குண்டும் உயரும்.

சரிசெய்ய வேறொரு ஆளிடம் 420 பவுண்டு ஆனது. சூடான எண்ணெய் விட்டுக் கட்டையை வளைக்கிறார்கள். ஓவர்-அண்டரில் கட்டைக்குள் நீள போல்ட் ஓடுவதால் நினைத்த அளவுக்கு வளைக்க முடியாது, வளைத்ததும் கொஞ்சம் திரும்பி வரும். ஏறக்குறைய நேராக்கி, மேல்விளிம்பை வெட்டி நகர்த்திக்கொள்ளும்படி மாற்றி, அறுத்த அங்குலத்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் ஒட்டித் தந்தார். அறுத்த துண்டைக் கடையில் கேட்டேன், குப்பையில் போட்டாயிற்றாம். அது இருந்திருந்தால் அதே வால்நட் ரேகையோடு ஒட்டியிருக்கலாம்.

பணம் விஷயம். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்னதற்கு மாறான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது உண்டு. 19ஆம் நாளே நான் அதைச் செய்திருக்க வேண்டும். ஃபிட்டிங்குக்குச் சம்மதித்தேன், நாள் ஓடிவிட்டது. அப்புறம் கேட்டபோது, கட்டையை அறுத்த துப்பாக்கியை எடுக்க முடியாது என்றார்கள். அறுத்தவர்களே அவர்கள்தான்! விளம்பரத்தை நான் படம் எடுத்து வைக்கவில்லை, ரசீதில் "12 போர், பழையது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு கடிதத்துக்குப் பிறகு 180 மட்டும் திரும்பி வந்தது.

ஆகவே வாங்கும்முன் நூல் பிடியுங்கள். காலி என்று உறுதி செய்த துப்பாக்கியை, கண்ணை மூடித் தோளில் ஏற்றி, முகம் பார்க்கும் கண்ணாடி முன் கண்ணைத் திறந்து பாருங்கள். கண்மணி ரிப்புக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கடைக்காரர் காஸ்ட் பற்றிச் சொல்வதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தகட்டில் சுட்டுப் பார்க்காமல் யாரையும் ரம்பத்தை எடுக்க விடாதீர்கள்.

நேற்றிரவு அந்தக் கடையின் விளம்பரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வேறொரு ஓவர்-அண்டர், 1,300 பவுண்டு. கீழே அதே வரி: "எந்தக் கைக்கும் பொருந்தும்." இந்த முறை படம் எடுத்து வைத்திருக்கிறேன்.