ராமநாதபுரத்தில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம்: கட்டுரைக்குச் செல்லலாம், பணவுதவிக்கு வேண்டாம்

ராமேஸ்வரத்தில் விசைப்படகு வைத்திருக்கும் என் தங்கை குடும்பத்தின் மகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க விரும்பியதால், மாவட்டத் தலைநகரில் இயங்கும் ஓர் ஆலோசனை நிலையத்தின் சேவையைப் பெற்றோம். கீழே நான் குறைகூறும் யோசனையைப் பிற ஊர்களிலும் சொல்லக் கேட்டிருப்பதால், நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரையை எழுதுவதில் அவர்களுடைய உதவி உண்மையிலேயே சிறப்பானது. கடலின் அழகைப் பற்றி அவள் எழுதிய முதல் வரைவை ஒதுக்கிவிட்டு, அப்பாவின் மீன் விற்பனைக் கணக்கை அவளே எழுதி வருவதைக் கேட்டறிந்து அதைப் பற்றி எழுத வைத்தனர். ஒரு வரியைக்கூட அவர்களாக எழுதித் தரவில்லை.

பணவுதவி என்று வந்தபோதுதான் சிக்கல். விண்ணப்பத்தில் உதவி தேவையா என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று குறித்தால் இடம் எளிதாகக் கிடைக்கும், சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றார் ஆலோசகர். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் தரவரிசையை மதிப்பெண் தீர்மானிக்க, கல்விக்கட்டணச் சலுகை தனியே வருவதைப் பார்த்துப் பழகிய நம் பெற்றோருக்கு இது நியாயமாகவே தோன்றும். அமெரிக்காவில் அப்படியில்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில நிறுவனங்கள் மட்டுமே வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பாராமல் தேர்வு செய்கின்றன. 2022-இல் டார்ட்மவுத்தும் அவற்றோடு சேர்ந்தது. அங்கே ‘வேண்டாம்’ என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. ஸ்டான்போர்டு முதலிய பெரும்பாலானவை வெளிநாட்டவர் விஷயத்தில் தேவையையும் கணக்கில் எடுக்கின்றன என்பதால், அங்கே உதவி கேட்பது வாய்ப்பைக் குறைக்கலாம் என்பது மெய்தான்; ஆனால் விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் படிப்பு முடியும்வரை கேட்க முடியாது என்பதும் ஸ்டான்போர்டின் விதி. இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியில்லாமல் நிற்பதைவிட, கிடைக்காமல் போவதே மேல் என்பது என் கருத்து.

தேவையைப் பார்ப்பதில்லை என்ற உறுதிமொழியே அமெரிக்காவில் வழக்குக்கு உள்ளாகியிருக்கிறது. பணக்கார விண்ணப்பதாரருக்குச் சாதகம் காட்டியதாகவும், உதவித்தொகையைக் கூடிப்பேசிக் குறைத்ததாகவும் 2022-இல் பல பல்கலைக்கழகங்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவற்றுள் ஒன்றான சிகாகோ பல்கலைக்கழகம் தவறை ஏற்காமலே 1.35 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இதையெல்லாம் ஆலோசகர் அறிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. கல்லூரியின் சொந்த இணையப்பக்கத்தில் உள்ள விதியையாவது படித்திருக்கலாம்.

குடும்பப் பொருளாதார நிலையைக் கேட்கும் சிஎஸ்எஸ் படிவத்தை அவர்கள் நிரப்பிய விதமும் திருப்தியாக இல்லை. நல்ல மீன்பாடு கிடைத்த ஒரு மாதத்தின் வரவைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானமாக எழுதினர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், மற்ற மாதங்களிலும் பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே கடலுக்குச் செல்லும் முறை, டீசல் செலவு, புயல் எச்சரிக்கை என்று எதுவும் அந்தப் பெருக்கலில் இல்லை. படகின் மதிப்பைச் சொத்தாகக் காட்டிவிட்டு அதன் மேலுள்ள கடனை விட்டுவிட்டதையும் தங்கை கணவர்தான் கண்டுபிடித்தார். காகிதத்தில் ஒரு வசதியான குடும்பம் உருவாகியிருந்தது! ஏலக்கூடச் சீட்டுகளையும் டீசல் ரசீதுகளையும் கொண்டு திருத்தி, வருமானம் மாதத்துக்கு மாதம் ஏன் மாறுகிறது என்ற விளக்கத்தையும் இணைத்து, உதவி ‘தேவை’ என்றே குறித்து அனுப்பினோம்.

சுட்டிக்காட்டிய திருத்தங்களை அவர்கள் மறுக்காமல் ஏற்றதைப் பாராட்டுகிறேன். ஆயினும் பணவுதவி வழிகாட்டலுக்கென்று தனிக் கட்டணம் வாங்குவது ஏற்புடையதல்ல. கட்டுரைப் பயிற்சிக்கு மட்டும் பணம் செலுத்தும் வசதி அங்கு உண்டு; அதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கல்லூரியின் உதவித்தொகை விதியையும் விண்ணப்பிக்குமுன் குடும்பத்தாரே படித்துக்கொள்வது போதும். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.