ஈ.சி.டி.யா, டி.எம்.எஸ்.ஸா? அம்மாவுக்காக நாங்கள் எடுத்த முடிவு

முந்தின வருடம் ஆவணியில் அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். பசி இல்லாததால் அல்ல. குடல் அழுகிப் போய்விட்டது, போடுகிற சோறு எங்கே போகும் என்று கேட்டார். 62 வயது, கடுமையான டிப்ரஷன். ஒரு நாளைக்கு இரண்டு கரண்டி கஞ்சி, அதுவும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினால்தான். 58 கிலோ இருந்தவர் 47க்கு வந்துவிட்டார். அதற்கு முன்பே மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்து மூன்று மாதம் பார்த்தாகிவிட்டது. அப்போதுதான் மதுரையில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஈ.சி.டி. கொடுக்கலாம் என்றார். அதாவது ஊரில் 'ஷாக் ட்ரீட்மென்ட்', 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்கிற அதேதான். அன்று இரவே சென்னையிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். அவன் அதற்கு முந்தின வருடம் டிப்ரஷனுக்கு டி.எம்.எஸ்., அதாவது தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சை, எடுத்துத் தேறியவன். "அக்கா, பெரியம்மாவுக்கும் அதையே பாருங்க, கரண்ட் எல்லாம் வேண்டாம்" என்றான்.

நாங்கள் ஈ.சி.டி.தான் எடுத்தோம். இன்னொரு முறை முடிவெடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன், அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம். டி.எம்.எஸ். பற்றி நான் சொல்வதில் நேரில் பார்த்தது தம்பி ஒருவனுடைய அனுபவம் மட்டும்தான், மீதி எல்லாம் படித்ததும் டாக்டர்களிடம் கேட்டதும்.

முதலில் பயத்தை முடித்துவிடுகிறேன். ஆளைக் கட்டிவைத்து, துடிக்கத் துடிக்கக் கரண்ட் கொடுப்பது சினிமாவில் பார்த்தது. 1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கியபோது மயக்க மருந்து இல்லாமல்தான் கொடுத்தார்கள், அது உண்மை. இன்றைக்கு இந்தியாவில் மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே தடை செய்திருக்கிறது. அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் விட வேண்டும், ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. காலையில் பல் செட்டைக் கழற்ற வேண்டும், நகை எதுவும் இருக்கக் கூடாது. கல்யாணத்திலிருந்து கழற்றாத மூக்குத்தி, திருகு இறுகிப் போயிருந்தது, சோப்புத் தண்ணீர் விட்டு நர்ஸ் அரைமணி நேரம் போராடிக் கழற்றினார். உள்ளே கூட்டிப் போய் இருபது நிமிடத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். தலையில் கரண்ட் கொடுத்து ஒரு வலிப்பை வரவைப்பதுதான் சிகிச்சையே; அந்த வலிப்பு ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லையாம், அதுவும் உடம்பில் பெரிதாகத் தெரியாது. ஒரு காலில் பி.பி. பட்டையை இறுக்கி அந்தப் பாதத்துக்கு மட்டும் தளர்த்தும் மருந்து போகாமல் வைத்து, அது ஆடுவதைப் பார்த்துதான் வலிப்பு வந்ததா என்று தெரிந்துகொள்வார்கள் என்று டாக்டர் விளக்கினார். ஒரு மணி நேரம் கழித்து இட்லி. முதல் நாள் மட்டும் "எங்கே இருக்கோம்" என்று மூன்று தடவை கேட்டார்.

டி.எம்.எஸ். இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மயக்கம் கிடையாது, வலிப்பும் வரவைப்பதில்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு செய்துகாட்டிய முறை, 2008இல் அமெரிக்காவில் டிப்ரஷனுக்கு அனுமதி கிடைத்தது. காந்தத்தை எந்த அளவில் வைத்தால் கைப் பெருவிரல் துள்ளுகிறது என்று பார்த்து முதல் நாள் அளவெடுப்பார்கள், அப்புறம் இடது நெற்றிக்கு மேலே காந்தச் சுருளை வைத்துத் தட்டும். மரங்கொத்தி மண்டையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்றான் தம்பி, முதல் வாரம் தலைத்தோல் வலித்தது, அவ்வளவுதான். ஆபீஸிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பி, முடித்துவிட்டு அவனே பைக்கில் வீட்டுக்குப் போனான். பழைய முறையில் ஒரு அமர்வுக்கு 37 நிமிடம் பிடிக்கும், அவனுக்குக் கொடுத்தது மூன்று நிமிட முறை. 2018இல் கனடாவில் 414 பேரிடம் செய்து வெளியான ஆய்வில் இரண்டுக்கும் பலன் ஒன்றுபோலவே இருந்தது.

அப்படியானால் ஏன் ஈ.சி.டி.? தம்பி வேலைக்குப் போய்க்கொண்டே நோயாளியாக இருந்தவன். அம்மா கட்டிலை விட்டு இறங்காதவர், இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பியவர். மனச்சோர்வோடு இப்படிப்பட்ட பிரமையும் சேர்ந்தால், சாப்பாடு தண்ணீர் நின்றால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அழுத்தினால், ஈ.சி.டி. வேகமாக வேலை செய்கிறது, வயதானவர்களிடம் இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. வாரம் மூன்று. ஐந்தாவது முடிந்த அன்று மத்தியானம் அம்மா கண்ணைத் திறந்து அப்பாவிடம், "மோட்டார் போட்டீங்களா, தொட்டி காலியா இருக்குமே" என்றார். மூன்று மாதத்தில் வீட்டைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. அப்பா வெளியே போய் நின்று அழுதார்.

மற்றவற்றை ரொம்பப் பேச ஒன்றுமில்லை. நெற்றியில் பட்டை கட்டி 2 மில்லி ஆம்பியர் மெல்லிய மின்சாரம் விடும் டி.டி.சி.எஸ்., பிரேசிலில் 2017இல் வந்த ஆய்வில் எஸ்சிடலோப்ராம் என்ற டிப்ரஷன் மாத்திரைக்கு ஈடானது என்றே நிரூபிக்க முடியவில்லை, அம்மா இருந்த நிலைக்கு அது பேச்சே இல்லை. கழுத்து நரம்பில் கருவி பதிப்பது, மூளைக்குள்ளேயே கம்பி பதிப்பது இரண்டும் அறுவை சிகிச்சை, மற்ற எல்லாம் தோற்றவர்களுக்கு. கெட்டமின் மூளைத் தூண்டல் கிடையாது, மருந்துதான், ஆனால் எல்லாரும் கேட்கிறார்கள். 2023இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில் கெட்டமின் எடுத்தவர்களில் 55 சதவீதமும் ஈ.சி.டி. எடுத்தவர்களில் 41 சதவீதமும் தேறினார்கள் என்று தம்பி அனுப்பினான். சரி, ஆனால் அதில் பிரமை உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. அம்மா மாதிரி ஆளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். ஈ.சி.டி. என்றதும் வலிக்குமா, மறதி வருமா என்று நூறு பேர் கேட்கிறார்கள், கடைசி அமர்வு முடிந்த பிறகு வரும் ஆறு மாதத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. எட்டாவது அமர்வோடு அம்மா தேறிவிட்டார், தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்தார். டாக்டர் நோய் திரும்பாமலிருக்க லித்தியம் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து, ரத்தத்தில் அதன் அளவையும் தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினையும் பார்க்கச் சொன்னார், கொஞ்ச நாளைக்கு வாரம் ஒன்று, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஈ.சி.டி.யைக் குறைத்துக்கொண்டே போகலாம் என்றும் சொன்னார். வீட்டில் அத்தை, மாமா எல்லாரும் "அதான் நல்லாயிட்டாளே, இன்னும் எதுக்குக் கரண்டு" என்றார்கள். எனக்கும் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு அலைந்து அலுத்திருந்தது. லித்தியத்தில் கை நடுங்குகிறது என்று அம்மா சொன்னார், டாக்டரிடம் கேட்காமலே நிறுத்திவிட்டோம். பொங்கலுக்கு அடுத்த வாரம் அம்மா தட்டைத் தள்ளிவைத்தார். வயிற்றைத் தடவிக்கொண்டே, "உள்ளே மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு" என்றார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2001இல் வெளிவந்த ஒரு முக்கியமான ஆய்வை அப்புறம்தான் படித்தேன். ஈ.சி.டி.யில் தேறியவர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மாதம் பார்த்திருக்கிறார்கள். வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 84 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, நார்ட்ரிப்டிலின் என்ற டிப்ரஷன் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 60, அதோடு லித்தியமும் எடுத்தவர்களில் 39. ஈ.சி.டி. ஆளைத் தூக்கி நிறுத்துகிறது, நிற்க வைப்பதற்கு வேறு வேலை செய்ய வேண்டும். நூற்றுக்கு 84 என்று முதலிலேயே யாராவது ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்திருந்தால் அந்த லித்தியத்தை நிறுத்தியிருக்க மாட்டேன்.

மாசியில் இரண்டாவது சுற்று. இந்த முறை முதல் நாளே டாக்டரிடம் கேட்டது, முடிந்த பிறகு என்ன அட்டவணை என்றுதான். வாரம் ஒன்று நான்கு தடவை, இரண்டு வாரத்துக்கு ஒன்று நான்கு தடவை, பிறகு மாதம் ஒன்று. கூடவே வென்லாஃபாக்சின் என்ற டிப்ரஷன் மாத்திரையும் லித்தியமும். நடுக்கத்துக்கு லித்தியத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தார், அடங்கிவிட்டது, நிறுத்தவே தேவையிருக்கவில்லை. 60 வயதைத் தாண்டியவர்களிடம் செய்து 2016இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் இதே கூட்டணிதான்: அந்த இரண்டு மாத்திரையோடு இடையிடையே ஈ.சி.டி.யும் எடுத்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

இந்தப் பராமரிப்பை வைத்துப் பார்த்தால்தான் எனக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிகிறது. டி.எம்.எஸ். என்றால் வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், எடுத்த எடுப்பிலேயே முப்பது பயணம். ஒரு கிளினிக்கில் அமர்வுக்கு 2,500 ரூபாய், மொத்தத்தையும் முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள்; திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, இன்னொரு பேக்கேஜ் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சென்னையில் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே கிளினிக் இருந்த தம்பிக்கு அது ஒத்துவந்தது. எட்டு மாதம் கழித்து லேசாகச் சரிந்தபோது பத்து அமர்வு எடுத்துச் சரிசெய்துகொண்டான். எங்களுக்கு, ஈ.சி.டி.யில் குறைத்துக்கொண்டே வந்த அமர்வுகள் எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்குப் பதினேழு நாள்தான். ஒவ்வொன்றும் ஒரு காலைப்பொழுது, ஐந்தரை மணி பஸ்ஸில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. யாராவது ஒருவர் கூடப் போக வேண்டும், அன்று முழுக்க அம்மாவைத் தனியாக விடக் கூடாது, இது மட்டும்தான் பெரிய சுமை. வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மறதியை நான் மழுப்பப் போவதில்லை. நோய் வருவதற்கு முந்தின மாதம் என் மகனுக்குக் காது குத்தினோம், அம்மா மாம்பழக் கலர் பட்டு கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். போட்டோவைக் காட்டினால், "இது நான்தான், ஆனா இங்கே போன ஞாபகமே இல்லை" என்கிறார். ஒருமுறை அதைச் சொல்லும்போது கண் கலங்கியது. சமையல், பூஜை, பழைய கதை, கடன் கணக்கு எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அந்த நான்கைந்து மாதம்தான் ஓட்டையாக நிற்கிறது, அது திரும்புமென்று தோன்றவில்லை. டி.எம்.எஸ்.ஸில் இந்த இழப்பு கிடையாது, அந்த விஷயத்தில் அது மேல்தான், சந்தேகமே இல்லை. ஈ.சி.டி.யில் கரண்ட் கொடுக்கும் முனைகளை முதல் சுற்றில் இரண்டு நெற்றிப்பொட்டிலும் வைத்துக் கொடுத்தார்கள், ஆள் அபாயத்தில் இருந்ததால் அது அவசியம் என்றார்கள். பராமரிப்பு அமர்வுகளை வலது பக்கம் மட்டும் வைத்துக் கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகு புதிதாக எதுவும் தொலைந்ததாகத் தெரியவில்லை. இதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், எங்களுக்கு முதலில் கேட்கத் தெரியவில்லை.

நடமாடிக்கொண்டு, வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு மாத்திரை பலிக்காமல் இருப்பவர் என்றால் தம்பி சொல்வதைக் கேளுங்கள், டி.எம்.எஸ். முதலில் பாருங்கள். தலைக்குள் உலோகமோ, காது கேட்பதற்காகப் பதித்த காக்ளியர் கருவியோ இருந்தால் அது முடியாது, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாப்பாடு நின்றுபோன ஆள் என்றால் அலைந்து நாள் கடத்த வேண்டாம்.

அம்மாவுக்கு அடுத்த தேதி வருகிற வியாழன். தினசரி காலண்டரில் அவரே வட்டம் போட்டு வைத்திருக்கிறார், புதன்கிழமை ராத்திரிக்கு லித்தியம் கிடையாது என்று பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறார். மூக்குத்தியை இப்போதெல்லாம் திருகு லேசாக இருப்பதாக மாற்றிக்கொண்டார்.