இரண்டாவது மழைக்காலத்திலும் பிடிக்கிற டயர் எது?

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: கவாசகி நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ் போன்ற கனமான, வேகமான மோட்டார் சைக்கிளை வடசென்னையில் ஆண்டு முழுவதும் ஓட்டுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மிஷலின் ரோடு 6. வண்டியோடு வந்த பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லாக்ஸ் எஸ்22 தேய்ந்து முடிந்ததும் நான் போட்டது அதைத்தான். அதற்குக் கடைசி வரை போட்டியாக நின்றது பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2. மூன்றுமே நல்ல டயர்கள். எந்தச் சாலைக்கு எது பொருந்தும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே முதலில் சாலையைப் பார்ப்போம்.

தண்டையார்பேட்டையிலிருந்து மீஞ்சூர்ப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறவன் நான். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கத்துச் சாலைகளிலும் இரவு பகல் என்று பாராமல் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அவை நிற்கும் இடத்திலெல்லாம் டீசலும் கிரீஸும் சொட்டியிருக்கும். காசிமேட்டிலிருந்து கிளம்பும் மீன் வண்டிகள் வழிநெடுக ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுப் போவதால் சித்திரை வெயிலிலும் சாலையில் ஈரக் கோடு இருக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் போனால் தண்டவாளத்தையும் கடந்தாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதை நாடே பார்த்தது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில் இங்கே சாலையின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதப்பதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறோம். அந்த முதல் அரை மணி நேரத்துக்கு எந்த டயரும் உத்தரவாதம் தராது. டீக்கடை ஓரமாக ஒதுங்கி நிற்பதே மேல். படலம் கழுவப்பட்ட பிறகு விடாமல் பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் டயரின் தரத்தைக் காட்டுகிறது.

தெரிந்த சங்கதிகளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். முன்பக்க அளவு 120/70 இசட்ஆர்17, பின்பக்கம் 190/50 இசட்ஆர்17. அளவுக்குப் பக்கத்தில் 58டபிள்யூ, 73டபிள்யூ என்று இருக்கும். 58 என்றால் 236 கிலோவும், 73 என்றால் 365 கிலோவும் தாங்கும். டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதற்கான குறி. இந்த மூன்று டயர்களும் இதில் தேறிவிடுகின்றன. காசை மிச்சப்படுத்த இதற்குக் கீழே இறங்க வேண்டாம். வெளிநாட்டு விமர்சனங்களில் 'குளிரில் எவ்வளவு சீக்கிரம் சூடாகிறது' என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சென்னையில் மார்கழி மழையிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அந்தப் பத்திகளை நாம் தாண்டிப் போகலாம்.

எஸ்22 பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2019-இல் வெளிவந்த டயர் அது. உலர்ந்த சாலையில் அதன் பிடிப்பு அபாரம். வண்டியைச் சாய்க்க நினைத்த மாத்திரத்தில் சாயும். பிரேக்கை அழுத்தினால் முன் டயர் தரையைக் கவ்விக்கொள்வது கைப்பிடியில் தெரியும். மழையிலும், புதிதாக இருக்கும்வரை, நம்பி ஓட்டலாம். ஆனால் அது மிகை வேக ஓட்டத்துக்காகச் செய்யப்பட்ட மென்மையான டயர். இந்த வகையில் பின் டயர் ஐந்தாயிரம் முதல் ஏழாயிரம் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் என்பதுதான் எங்கள் வட்டாரத்துப் பெரிய வண்டிக்காரர்களின் பொதுவான கணக்கு. என் வண்டியிலும் ஏறத்தாழ அப்படித்தான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு அவ்வப்போது வண்டியைக் கொண்டுபோகிறவர் எஸ்22-ஐ விட்டுவிட்டு வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. தினமும் ட்ரெய்லர்களுக்கு நடுவே போகிறவருக்கு அந்தப் பிடிப்பில் பாதி பயன்படாமலே தேய்ந்து போகிறது.

இனி, என்னைத் தீர்மானிக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் கனமழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்வதில்லை. பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. புது டயர் வாங்குகிற எவரும் மழைக்குமுன் செப்டம்பரில் மாற்றத்தான் நினைப்பார். அந்த ஆண்டு மழையில் எந்த டயரும் நன்றாகவே இருக்கும், டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்களான காடிகள் ஆழமாக இருப்பதால் தண்ணீர் எளிதாக வெளியேறும். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அக்டோபரில் அதே டயர் எட்டாயிரத்தை நெருங்கியிருக்கும். எஸ்22 அந்த மழையைப் பார்க்காமலே கழன்றிருக்கும், இல்லையென்றால் மொட்டை டயராகத்தான் பார்க்கும். ரோடு 6, ஏஞ்சல் ஜிடி 2 போன்ற நெடுந்தூர வகை டயர்கள் பாதி தேய்ந்த நிலையில் அந்த மழையைச் சந்திக்கும். ஆகவே புது டயர் மழையில் எப்படி என்பதைவிட, பாதி தேய்ந்த டயர் மழையில் எப்படி என்பதே நமக்குரிய கேள்வி. விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புது டயரை வாங்கி மாட்டி, தண்ணீர் தெளித்த தடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். அவர்களுடைய மதிப்பெண் நமக்கு முதல் மழைக்கு மட்டும்தான் உதவும்.

ரோடு 6-இன் மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கின்றன. தண்ணீர்ப் படலத்தை உடைத்து ரப்பர் சாலையைத் தொட வழிசெய்வது அந்தக் கீறல்கள்தான். சாதாரணமாக டயர் தேயத் தேயக் காடியின் ஆழம் குறைந்து, அது ஏந்தும் தண்ணீரும் குறைந்துகொண்டே வரும். மிஷலின் செய்திருப்பது என்னவென்றால், கீறலின் அடிப்பகுதியை மேல் பகுதியைவிட அகலமாக வார்த்திருக்கிறார்கள். மேல் ரப்பர் தேய்ந்ததும் உள்ளே இருக்கும் அகலமான பகுதி வெளியே வருகிறது. ஆழத்தில் இழந்ததை ஓரளவு அகலத்தில் மீட்டுக்கொள்கிறது. மாட்டிய புதிதில் என் பின் டயரில் இந்தக் கீறல்கள் பிளேடால் கோடு கிழித்த மாதிரி இருந்தன. நகத்தை வைத்தால் உள்ளே போகாது. இப்போது அதே இடத்தில் நகம் தாராளமாக நுழைகிறது. இதற்கு முந்தைய டயரான ரோடு 5-ஐவிட ஈரச் சாலைப் பிடிப்பில் 15 விழுக்காடும் ஆயுளில் 10 விழுக்காடும் கூடுதல் என்று 2022-இல் இந்த டயரை வெளியிட்டபோது நிறுவனம் சொன்னது. ரோடு 5-ஐ நான் ஓட்டியதில்லை என்பதால் அந்த ஒப்பீட்டுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. இரண்டாவது மழைக்காலத்திலும் எண்ணூர் விரைவுச் சாலையில் தேங்கிய தண்ணீரைக் கடக்கும்போது வண்டி நடுங்கவில்லை, பின் சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் மின்னணு அமைப்பின் விளக்கு கண்சிமிட்டவில்லை என்பதற்குச் சாட்சி சொல்வேன். எஸ்22 தேயத் தொடங்கிய நாட்களில் அதே இடத்தில் அந்த விளக்கு அடிக்கடி சிமிட்டியது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு தேய்மானம் இருக்கிறது. நம் பக்கத்துச் சாலைகள் நேர்கோடு. மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையோ நெல்லூர் போகும் தேசிய நெடுஞ்சாலையோ, வண்டியைச் சாய்க்க வாய்ப்பே தராது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாகிவிடும். ஓரங்களில் புது ரப்பர் அப்படியே இருக்கும். அப்படிச் சதுரம் பிடித்த டயரோடு வளைவில் சாய்த்தால், தட்டையின் விளிம்பைத் தாண்டும் கணத்தில் வண்டி சட்டென்று விழுவதுபோல் ஆகும். ஈரத்தில் அந்தக் கணம் ஆபத்தானது. ரோடு 6-இல் நடுவில் கடினமான கலவையும் ஓரத்தில் மென்மையானதும் இருப்பதால் தட்டையாவது தாமதமாகிறது. தட்டையாகாமல் இருப்பதில்லை. என்னுடையதில் இப்போதே கை வைத்துத் தடவினால் விளிம்பு தெரிகிறது, ஆனால் ஓட்டும்போது தொந்தரவு செய்யும் நிலைக்கு வரவில்லை.

ரோடு 6-இடம் எனக்குக் குறை ஒன்று உண்டு. எஸ்22-இலிருந்து மாறியவுடன் திசை திருப்புவதில் ஒரு மந்தம் தெரியும். முன்பக்கம் என்ன செய்கிறது என்ற செய்தி கைக்கு அவ்வளவு துல்லியமாக வருவதில்லை. சில வாரங்களில் பழகிவிடுகிறது. பழகாதவர்களும் இருப்பார்கள்.

ஏஞ்சல் ஜிடி 2 இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. 2019-இல் வந்த இந்த டயரை நண்பரின் வண்டியில் பழவேற்காடு வரை ஓட்டிப் பார்த்தேன். நடுவில் நீளவாக்கில் ஓடும் இரண்டு காடிகள்தான் அதன் அடையாளம். ஈரத்தடப் பந்தய டயர்களிலிருந்து எடுத்த யோசனை அது. வண்டியைச் சாய்ப்பதில் எஸ்22-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பாதி தேய்ந்த ஏஞ்சலை மழையில் நான் ஓட்டியதில்லை. நண்பர் நன்றாகவே இருக்கிறது என்கிறார், ஆனால் அவர் மழை நாளில் பெரும்பாலும் வண்டியை எடுப்பதில்லை. வாரக் கடைசியில் மட்டும் தடாவுக்கோ நெல்லூருக்கோ போய்வருகிறவராக இருந்தால், இரண்டுக்கும் இடையே ஏஞ்சலைத் தேர்ந்தெடுத்தாலும் நான் மறுத்துப் பேசமாட்டேன்.

மெட்ஸலர் ரோடுடெக் 02-ஐயும், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப் ரோடுஹவுண்டையும் பலர் விசாரிக்கிறார்கள். ஓட்டாத டயரைப் பற்றி எழுதுவது நியாயமாகாது. ரோடுஹவுண்டின் மேல் எனக்குத் தனி ஆசை இருக்கிறது. 1946-இல் ஒரு பலூன் பட்டறையாக எம்ஆர்எஃப் தொடங்கிய திருவொற்றியூரில், 1956 முதல் என்ஃபீல்டு வண்டி தயாரான அதே திருவொற்றியூரில், ஆயிரம் சிசி வண்டிக்கு டயர் தேடுகிறவர் நம் மாநிலத்து டயர் ஒன்றை மாட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைப்பது இயல்புதானே.

பஞ்சர் விஷயத்தில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. கன்டெய்னர்களைக் கட்டும் இரும்புப் பட்டைத் துண்டும் போல்டும் ஆணியும் எந்த டயரையும் பார்த்துக் குத்துவதில்லை. நடுப்பகுதியில் சிறிய துளை என்றால் டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ரப்பர் அடைப்பான மஷ்ரூம் பேட்ச் போட்டு ஓட்டலாம். வெளியிலிருந்து ரப்பர் குச்சி சொருகுவது வீடு வந்து சேர மட்டும். பக்கவாட்டில் கிழிந்தால் டயர் போனதுதான். நீண்ட ஆயுள் என்ற கணக்கை இங்கே ஒரு போல்டு கெடுத்துவிடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே செலவு செய்யுங்கள்.

வாங்குவதில் கவனம் வேண்டியது விலையைவிடத் தயாரிப்புத் தேதி. 2020 ஜூனில் மோட்டார் சைக்கிள் டயர் உட்படப் புதிய டயர்களின் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு பெரிய அளவு டயர்கள் விட்டுவிட்டுத்தான் கிடைத்தன. வந்த சரக்கு கடைகளில் நாள்கணக்கில் கிடப்பதும் உண்டு. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசியில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 1424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். நான் போன கடையில் பெரியவர் ஒருவர் அந்த நீள்வட்டத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டி, "தம்பி, இதைப் படித்துவிட்டு அப்புறம் விலையைக் கேள்" என்றார். "இரண்டும் ஒரே தேதியா அண்ணே?" என்று கேட்டேன். முன் டயருக்கும் பின் டயருக்கும் ஒன்பது வார வித்தியாசம் இருந்தது. அது பரவாயில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதென்றால் நான் வாங்கமாட்டேன். நம் ஊர் வெப்பத்தில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த ரப்பர் இறுகிப்போகும், இறுகிய ரப்பரைக் கீறல்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் மழையில் நம்ப முடியாது.

2025 செப்டம்பரில் டயருக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்து யாராவது பேசினால் புதுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தெருவுக்குத் தெரு டயர் கடை இருந்தாலும் 190 அளவு டயரை ரிம்மில் கீறல் விழாமல் மாட்டி, பேலன்ஸ் செய்யும் இயந்திரம் வைத்திருப்பவை குறைவு. போகும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு காற்று முன்பக்கம் 36 பிஎஸ்ஐ, பின்பக்கம் 42. மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று பஞ்சர் கடைகளில் சொல்வார்கள். காற்று குறைந்தால் காடிகள் நெருங்கிக்கொண்டு தண்ணீர் வெளியேற வழி குறையும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே மழையிலும் வைத்திருங்கள், வாரம் ஒருமுறை காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.