தையல்கடைச் செயலிக்கு ஃபிக்மாவில் ஒரு மாதிரி: கருவியைப் பற்றிய மதிப்பீடு

செயலிக்கான எண்ணம் ஒன்று தோன்றினால், நிரல் எழுதுபவரைத் தேடிப் போவதற்கு முன்பே அதைப் பயன்படுத்தப் போகிறவரின் கையில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் எடுத்து அதில் எழுதுவதுபோல் பழகிப் பார்த்தார். அந்த மரத்துண்டின் வேலையைத் திரைகளுக்குச் செய்து தரும் கருவிகளில், செயலித் திரைகளை வடிவமைக்க உதவும் ஃபிக்மாவுக்கே நான் முதலிடம் தருவேன். தையல்கடைகளில் அளவு எடுப்பதையும் துணி கொடுக்கும் நாளையும் பதிந்து வைக்கும் ஒரு செயலியின் மாதிரியை அதில் செய்து, கடைக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா பிரவுசரிலேயே இயங்குகிறது. ஒவ்வொரு திரையையும் ஒரு ஃபிரேமாக வரைந்து, புரோட்டோடைப் பகுதிக்குச் சென்று, பொத்தானிலிருந்து அடுத்த ஃபிரேமுக்கு ஓர் அம்புக்குறியை இழுத்துவிட்டால் இணைப்பு தயார். தொட்டால் மாற வேண்டுமா, இழுத்தால் மாற வேண்டுமா, சற்று நேரம் கழித்துத் தானாக மாற வேண்டுமா என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். லிங்க்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அமைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எதிரில் இருப்பவர் கணக்குத் தொடங்காமலேயே தம் கைப்பேசியில் திறந்து தொட்டுப் பார்க்க முடியும். ஒரே ஓர் எண்ணத்தைச் சோதிப்பவருக்கு இலவசத் திட்டமே போதும்.

தமிழ்த் திரைகளுக்கும் இது நன்றாகவே ஒத்துழைக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற கூகுள் எழுத்துருக்களைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. தமிழ்ச் சொற்கள் இடத்தை அதிகம் எடுத்துக்கொள்வதால், பொத்தான்களை ஆட்டோ லேஅவுட்டில் அமைத்துவிடுவது நல்லது. சொல் நீண்டால் பொத்தானும் தானாக நீளும். வரி உயரத்தை மட்டும் சற்றுக் கூட்டி வைக்க வேண்டும்.

இதன் உண்மையான மதிப்பு சோதனையின்போதுதான் தெரிகிறது. ஐந்து பேரிடம் சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது இன்றும் பின்பற்றத்தக்க அளவுகோல். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அதிலும் திரை அழகாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் “நாளைக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகளைக் கண்டுபிடியுங்கள்” என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, விரல் எங்கே போகிறது என்று பேசாமல் கவனிக்க வேண்டும். அளவுப் பக்கம் முதலில் வரும்படி இருந்த மாதிரியில், கடைக்காரர்கள் அதைத் தாண்டி நாள்வாரியான பட்டியலைத்தான் தேடினார்கள். முதல் திரையை மாற்ற இரண்டு அம்புக்குறிகளைத் திருப்பிவிட்டால் போதுமானதாக இருந்தது. நிரல் எழுதிய பிறகு இது தெரிய வந்திருந்தால் செலவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் இந்த மாதிரியில் உள்ள பெட்டிக்குள் உண்மையாகத் தட்டச்சு செய்ய முடியாது. தொட்டவுடன் எண்கள் நிரம்பிய இன்னொரு திரை வருவதுபோல் காட்டத்தான் முடியும். 2023இல் சேர்க்கப்பட்ட மாறிகளும் (மதிப்புகளை நினைவில் வைப்பவை) நிபந்தனைகளும் (‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்பவை) கூட்டுத்தொகை காட்டுவது போன்றவற்றுக்கு உதவினாலும், இந்தக் குறையை நீக்கவில்லை. ஒரு கையில் அளவு நாடாவைப் பிடித்திருப்பவர் மறுகையால் எண்களைப் பதிவாரா, அல்லது நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிடுவாரா என்பதுதான் இந்தச் செயலியின் உயிர்நாடியான கேள்வி. அதற்கு இந்த மாதிரியிலிருந்து விடை கிடைக்காது. அந்த ஒரு பகுதிக்கு மட்டும் எளிய கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து, கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் கொடுத்துப் பார்ப்பதே சரியான வழி.