எழுத்தட்டைப் பெட்டி: டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு வீட்டில் ஒரு துணை

எட்டு வயது மகளுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் தடுமாற்றம் தரும் கற்றல் குறைபாடு) இருப்பது உறுதியான பின், வீட்டிலேயே வாசிப்புப் பயிற்சி அளிப்பதற்காக இந்தத் தமிழ் எழுத்தட்டைப் பெட்டியை வாங்கி, நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். உயிரெழுத்துகள் 12, க, ங, ச முதலான எழுத்துகள் 18, அவற்றோடு புள்ளி, கால், கொம்பு ஆகிய குறிகள் எல்லாம் விரலால் தடவி உணரும்படி தனித்தனி மர அட்டைகளில் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அந்தத் தனிக்குறிகளே இதன் பெரும் பலம். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நின்றாலும் அதன் ஒலி மெய்க்குப் பின்னரே வருகிறது. 'கொ'விலோ குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதிலேயே தடுமாறும் குழந்தைக்கு இது எவ்வளவு கடினம் என்பதை, அவளுடன் அமர்ந்து அட்டைகளை நகர்த்தியபோதுதான் உணர்ந்தேன். சோம்பல் என்று முன்பு கடிந்துகொண்டதற்காக அவளிடம் வருத்தமும் தெரிவித்தேன்.

ஒலியை உச்சரித்தபடியே அட்டையைத் தடவச் சொல்லும் கையேடு, நாளுக்கு 15 நிமிடம் போதும் என்கிறது. அவள் சோர்வடையாமல் இருப்பதற்கு அந்த அளவு பொருத்தமாகவே உள்ளது. ஆனால், உடன் வரும் ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்கள் வழியாகப் படித்தால் குறை நீங்கும் என்னும் கையேட்டின் கூற்றை ஏற்க இயலாது. டிஸ்லெக்சியா கண்பார்வைக் கோளாறு அன்று, சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிவதில் உள்ள சிக்கலே பெரும்பாலும் அதற்கு அடிப்படை. மேலும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அட்டை மட்டுமே இருப்பதால், 'பாட்டி' என்ற சொல்லைக்கூட அமைக்க முடியாமல் இரண்டாவது பெட்டியையும் வாங்க நேர்ந்தது.