லேட்டக்ஸ் என்று சொல்லி ₹42,500 வாங்கிக்கொண்டு ஃபோம் மெத்தையைத் தலையில் கட்டிவிட்டார்கள்: வேலூர்க்காரர்கள் கவனம்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யாராவது லேட்டக்ஸ் மெத்தை, அதாவது ரப்பர் பாலில் செய்த மெத்தை, வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். எங்களுக்கு ₹42,500 போயிருக்கிறது. நேற்று சாயங்காலம்தான் "இதுக்கு மேல எங்களால ஒண்ணும் பண்ண முடியாது மேடம்" என்று கடையில் கையை விரித்தார்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை. கடையின் பெயரைப் போடவில்லை. கட்டில், சோபா, மெத்தை எல்லாம் சேர்த்து விற்கிற பெரிய ஏசி ஷோரூம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அம்மாவுக்கு டிஸ்க் விலகல். ஒரே சீராக உடம்பைத் தாங்குகிற மெத்தையாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆடித் தள்ளுபடி நேரம், சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

அங்கே இருந்த விற்பனையாளர் உள்ளங்கை அளவு ஒரு துண்டை எடுத்து வந்தார். சந்தன நிறம், மேலிருந்து கீழ்வரை வரிசையாக ஊசித் துளைகள், லேசாக ரப்பர் வாசனை. "கேரளா ரப்பர் பால்ல செஞ்சதும்மா, நூறு பர்சன்ட் நேச்சுரல். கசக்கிப் பாருங்க" என்று அம்மா கையிலேயே கொடுத்தார். அம்மா இறுக்கிப் பிடித்து விட்டதும் அடுத்த நொடியே பழையபடி நிமிர்ந்தது. "எங்க அம்மாவையும் இதுலதான் படுக்க வெச்சிருக்கேன். பத்து வருஷம் வாரண்டி, அசையாது" என்றார். வெளியே வந்ததும் அம்மா சொன்னது: "பெத்தவள வெச்சு எவனும் பொய் சொல்ல மாட்டான்." பணம் போனதைவிட இந்த வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை.

75க்கு 60 இன்ச், ஆறு இன்ச் கனமான மெத்தை. டெலிவரிக்கு வந்த பையன் ஒற்றை ஆளாகத் தலையில் வைத்து மாடிப்படி ஏறிவிட்டான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பொங்கலுக்குள் பள்ளம் விழுந்துவிட்டது. அம்மா படுக்கிற பக்கம் இடுப்பு இருக்கும் இடம் தொட்டில் மாதிரி இறங்கி, புரண்டு படுக்க ஆள் பிடிக்க வேண்டிய நிலை. பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னாமா இது, புது மெத்தை நடுவுல பள்ளமா கீது" என்றார்.

கடைக்கு போன் போட்டேன். போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். கட்டிலில்தான் கோளாறு, பலகை இடைவெளியில் மெத்தை இறங்கியிருக்கும் என்றார்கள். எங்கள் கட்டிலில் இடைவெளியே கிடையாது, முழு பிளைவுட். இருந்தாலும் மெத்தையைத் தூக்கித் தரையில் போட்டுப் பார்த்தோம். பள்ளம் அப்படியே இருந்தது. தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டோம். மெத்தையோடு பள்ளமும் இடம் மாறியது. அப்படியென்றால் கட்டிலில் ஒன்றுமில்லை, மெத்தைதான் உள்ளே அமுங்கியிருக்கிறது. இதைச் சொன்னதும், மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டீர்களா என்று கேட்டார்கள். போடவே இல்லை. வெயில் பட்டால் லேட்டக்ஸ் மஞ்சளாகிப் பொடிந்து உதிரும், பள்ளம் விழாது. விற்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா?

ஒருவழியாக அளக்க ஆள் வந்தார். மெத்தையை நிமிர்த்தி வைத்துத் தட்டிவிட்டு அப்புறம்தான் போட்டார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நூல் இழுத்துக் கட்டி, நடுவில் ஸ்கேல் வைத்தார். ஒன்றேகால் இன்ச். "ஒன்றரை இன்ச்சுக்கு மேல இருந்தாதான் வாரண்டி மேடம். இது உடம்புத் தடம், எல்லா லேட்டக்ஸ்லயும் வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆள் படுக்காமல் வெறுமனே கிடக்கும்போதே ஒன்றேகால் என்றால், அம்மா படுத்தால் எவ்வளவு இறங்கும்? அதை யாரும் அளக்கவில்லை.

தடம் வரும் என்பது முழுப் பொய்யும் இல்லை. மேல் உறையில் தைத்திருக்கும் பஞ்சு அமுங்கினால் லேசாகத் தடம் தெரியும். அப்போது உறையைக் கழற்றினால் உள்ளே இருக்கும் லேட்டக்ஸ் சமமாக இருக்கும். அதனால் உறையின் ஜிப்பைத் திறந்தேன். மேலே ஒரே ஒரு இன்ச், அந்த ஊசித் துளை போட்ட சந்தன நிற லேட்டக்ஸ். கடையில் காட்டிய அதே சரக்கு. அதற்குக் கீழே நாலு இன்ச் வெளிர் மஞ்சள் ஃபோம், துளையே இல்லை. அடியில் பல நிற ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்திய பலகை. இடுப்புப் பகுதியில் அந்த மஞ்சள் ஃபோம் மட்டும் சப்பையாகிக் கிடந்தது. கட்டை விரலால் அழுத்தினால் லேட்டக்ஸ் உடனே எழும்பியது, ஃபோமில் குழி நின்றது. ஒரு இன்ச் ரப்பருக்கும் அஞ்சு இன்ச் ஃபோமுக்கும் சேர்த்து ₹42,500!

பழைய பேப்பர் கடைத் தராசில் போட்டோம். உறையோடு சேர்த்து 24 கிலோ. அசல் லேட்டக்ஸ் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 75 முதல் 90 கிலோ வரை நிற்கும். எங்கள் அளவுக்கு உறை இல்லாமலே 33 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்தப் பையன் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு ஏறியது இதனால்தான்.

கடையில் காட்டினால், "உறையை நீங்களே பிரிச்சுட்டீங்க, வாரண்டி போச்சு" என்கிறார் மேனேஜர். ஜிப் வைத்தது அவர்கள்தானே? தன் அம்மாவின் பெயரைச் சொல்லி விற்றவரைக் கேட்டால், வேறு கிளைக்குப் போய்விட்டாராம். பில்லைப் பிரித்துப் பார்த்தால் மாடல் பெயரில் மட்டும் லேட்டக்ஸ் இருக்கிறது, உள்ளே எத்தனை இன்ச் என்று எங்கேயும் எழுதவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அந்த நிதானம் இல்லை. மூன்று நான்கு சொல்கிறேன். கையில் தரும் துண்டை நம்பாதீர்கள், உங்கள் வீட்டுக்கு வரப்போகிற மெத்தையின் ஜிப்பைத் திறந்து பக்கவாட்டில் பாருங்கள். ஜிப் இல்லாத மெத்தை வேண்டவே வேண்டாம். எடை போடுங்கள். ஆனால் அடியில் ஒட்டுப் பலகையைக் கனமாக வைத்தும் ஏமாற்ற முடியும், அதனால் எடை மட்டும் போதாது. ஒவ்வொரு அடுக்கும் என்ன, எத்தனை இன்ச் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வாரண்டி அட்டையில் பள்ளம் எத்தனை இன்ச் என்ற வரியைப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை வந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி வேலூரில் ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லையும் ஜிப் திறந்த போட்டோவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். ₹42,500-ஐ நான் விடப்போவதில்லை.