துலூஸ் முதல் செத் வரை: கனால் தியூ மிதி கரைப்பாதை, டயரிலிருந்து ரயில் வரை

தெற்குப் பிரான்சின் துலூஸ் நகரில் மாத்தாபியோ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கனால் தியூ மிதி ஓடுகிறது. சைக்கிளை இறக்கி, கால்வாயைப் பிடித்துத் தென்கிழக்கே போனால் 240 கிலோமீட்டரில் தோ ஏரி. அங்கிருந்து கடற்கரையை ஒட்டிச் செத் நகரம். பியேர் போல் ரிக்கே 1666-ல் தொடங்கிவைத்து, 1681-ல் வேலை முடிந்த கால்வாய் இது; படகுகளைக் குதிரைகள் இழுத்துப்போகக் கரையில் விட்ட இடம்தான் இன்று சைக்கிள் பாதை. ஊர்களைக் கடக்கும் சில இடங்கள் தவிர கார் தொல்லை கிடையாது. சரளைப் பாதை என்று மனதில் வைத்து அதற்கேற்ற சைக்கிளோடு வந்தால், பிரெஞ்சு கிராமப்புறத்தில் இதைவிட நல்ல நீண்ட பாதை கிடைப்பது கஷ்டம். நகரத்துச் சைக்கிள் பாதையின் நீட்சி என்று நம்பி மெல்லிய டயரோடு வந்தால், ஐம்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு ஒவ்வொரு வேரும் முதுகெலும்பில் இறங்கும்.

ஏமாற்றுவது அந்த முதல் ஐம்பதுதான். துலூஸிலிருந்து போர் லோராகே வரை வழவழப்பான தார். குழந்தைகள், வயதானவர்கள், ஓட்டப் பயிற்சிக்காரர்கள் என்று எல்லோருக்கும் ஏற்றது. ஓத் கரோன் மாவட்ட எல்லை முடிந்து ஓத் மாவட்டம் தொடங்கும் இடத்தில் தாரும் முடிகிறது. இதற்குச் சற்று முன்பின்னாக வரும் நோரூஸ், கால்வாயின் மிக உயரமான இடம். கடல் மட்டத்திலிருந்து 190 மீட்டர் அளவுதான். மலையிலிருந்து வரும் தண்ணீர் இங்கேதான் கால்வாயில் விழுந்து, ஒரு பங்கு அட்லாண்டிக் பக்கமும் மறு பங்கு மத்தியதரைக் கடல் பக்கமும் பிரிகிறது. அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் சிறு வாய்க்காலின் கரையிலும் ரெவெல் ஊர் வரை மரநிழலில் மண்பாதை உண்டு. ஒரு நாள் கையில் இருந்தால் போய்வாருங்கள். கூட்டமே இருக்காது.

காஸ்தெல்நோதாரியிலிருந்து (துலூஸிலிருந்து 65 கி.மீ.) கார்கசோன் (105) வரை இறுகிய மண்ணும் சரளையும் கலந்த தடம். துண்டு துண்டாகச் செப்பனிட்டு வருகிறார்கள். புதிதாகப் போட்ட இடங்களில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாகப் போகலாம். கவனிக்க வேண்டியது மதகுகளை. படகுகளை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு மதகின் பக்கத்திலும் பாதை சட்டென்று சில மீட்டர் சரியும். அந்தச் சரிவில்தான் சரளை பிடிப்பில்லாமல் உருளும், கீழே பெரும்பாலும் பாலத்தை ஒட்டிய திருப்பமும் இருக்கும். சரிவு தொடங்கும் முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். நடுவில் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும், பக்கத்தில் தண்ணீர்.

த்ரெப் (118) தாண்டியதும் நிழல் திடீரென்று காணாமல் போகும். கரையெல்லாம் நின்ற பிளேன் மரங்கள் ஒரு காலத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல். மரத்தைக் கொல்லும் பூஞ்சை நோய் ஒன்று 2006-ல் இந்தப் பகுதியில்தான் கால்வாய்க் கரையில் முதலில் தென்பட்டது. மரத்துக்கு மரம் வேர் வழியாகவும், தண்ணீர் வழியாகவும், பட்டையில் படும் காயம் வழியாகவும் பரவும். மருந்து கிடையாது என்பதால் நோய் கண்ட மரத்தையும் அதன் அண்டையில் நிற்பவற்றையும் வெட்டி அங்கேயே எரித்துவிடுகிறார்கள். புதிதாக நட்டவை வளர இன்னும் பல வருஷமாகும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் த்ரெப், மார்செய்யெத், பியூஷெரிக் துண்டுகளைக் காலை பத்து மணிக்குள் கடந்துவிடுங்கள். மீதமிருக்கும் மரங்களில் பூட்டுச் சங்கிலியை இறுக்கிக் கட்டாதீர்கள். பட்டை உரிந்தால் நோய்க்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி.

ஓம்ஸ் ஊரிலிருந்து பெசியே வரையிலான பகுதிதான் இந்தப் பாதையின் உயிர், இங்கேதான் ஆளைச் சோதிப்பதும். அர்ஜான்ஸில் ஒரு மதகு; அடுத்த மதகு 54 கிலோமீட்டர் தள்ளி, பெசியேயின் ஃபோன்செரானில். ஏற்ற இறக்கமே இல்லை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கால்வாய் மேட்டைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிறது. மதகு இல்லையென்றால் மதகுக்காரர் வீடும் இல்லை, குழாயும் இல்லை. லெ சொமாய் (166), கபெஸ்தாங் (188) இரண்டிலும் பாட்டிலை நிரப்பாமல் கிளம்பாதீர்கள். வெயில் காலத்தில் ஆளுக்கு மூன்று லிட்டர் தேவைப்படும். பிரெஞ்சு கிராமங்களில் கடை மூடியிருந்தாலும் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும். ‘ஓ நோன் பொத்தாப்ல்’ என்று பலகை மாட்டியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

தடம் இங்கே பல இடங்களில் சைக்கிள் கைப்பிடியின் அகலத்துக்கு ஒடுங்கும். இடப்பக்கம் புல், வலப்பக்கம் தண்ணீர், நடுவே முழங்கை தடிமனுக்கு வேர்கள். வேர் குறுக்கே கிடந்தால் பிரச்சினை இல்லை. உட்காராமல் பெடலில் எழுந்து நின்று, முழங்கையைத் தளர்த்தினால் தாண்டிவிடும். பாதையோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடும் வேர்தான் ஆளைச் சாய்க்கும். மழை நனைத்த வேர் சோப்பு போல வழுக்கும். அதன் மேல் சக்கரத்தைத் திருப்பாதீர்கள், நேராகக் கடந்த பிறகு திருப்புங்கள். எதிரே ஆள் வந்தால் நடப்பவருக்குத்தான் முன்னுரிமை. பாராஸா அருகே ரெபுத்ர் ஆற்றின் மேல் கால்வாயே பாலமாகப் போகிறது, 1676-ல் கட்டியது. அதன் ஓரத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிப்போவதே நல்லது.

கொலொம்பியே அருகில் மால்பா குன்றைக் குடைந்து கால்வாய் நுழைகிறது. சைக்கிள் குன்றின் மேலேறிக் கடக்க வேண்டும். ஃபோன்செரானில் படிப்படியான மதகுகளைப் பார்க்கச் சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும், இறங்கித் தள்ளுங்கள். பெசியேயிலிருந்து போர்திராஞ் வரை மறுபடி தார். அக்தில் கால்வாய் சிறிது தூரம் எரோ ஆற்றோடு கலந்துவிடுவதால் கரைப்பாதை அறுபட்டு ஊருக்குள் போகும். ஒங்லூ கலங்கரை விளக்கில் கால்வாய் முடிந்தபின், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள மணல்திட்டில் செத் வரை நல்ல சைக்கிள் பாதை இருக்கிறது.

டயர் விஷயத்தில் சமரசம் வேண்டாம். 40 மில்லிமீட்டர் குறைந்தபட்சம், 45 இருந்தால் சுகம். 75 கிலோ ஆளும் 15 கிலோ சுமையும் என்றால் காற்றழுத்தத்தைப் பின்னால் 3 பார், முன்னால் 2.5 பார் அளவில் வைத்துப் பாருங்கள். டியூப்லெஸ் என்றால் இன்னும் அரை பார் குறைக்கலாம். தெற்கே போகப் போகத் தரையில் படரும் நெருஞ்சி முள் இருக்கும். சைக்கிளைப் புல்லில் சாய்த்து வைத்தால் டயர் முழுக்க ஏறும். டியூப்லெஸ் டயருக்கு ஒவ்வொன்றுக்கும் 60 மில்லி அளவு அடைப்புத் திரவம் ஊற்றிக்கொண்டு வாருங்கள். டியூப் வைத்திருப்பவர்கள் இரண்டு டியூப் கூடுதலாகக் கொண்டுவருவதோடு, மாற்றும்போது டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒடிந்த முள் முனை உள்ளேயே இருந்தால் புது டியூப் அடுத்த கிலோமீட்டரில் போய்விடும்.

மழை பெய்தால் கதை வேறு. ஓத் மாவட்டத்துக் களிமண்ணும் பிளேன் இலையும் சேர்ந்து மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும். நூறு மீட்டரில் சக்கரம் நின்றுவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே விரல் அகல இடைவெளியாவது வேண்டும். இல்லையென்றால் முன் மட்கார்டைக் கழற்றிக் கேரியரில் கட்டிவிடுங்கள். பலத்த மழைக்கு மறுநாள், கால்வாயை ஒட்டிப் போகும் சின்னச் சாலைகளில் ஓட்டுவது புத்திசாலித்தனம். மண் காய்ந்தபின் திரும்பலாம்.

காற்றை வைத்துத் திசையைத் தீர்மானியுங்கள். ‘செர்’ என்னும் வடமேற்குக் காற்று கார்கசோன், நார்போன் பக்கம் அடிக்கடி வீசும். துலூஸிலிருந்து கிளம்பினால் அது முதுகில் தள்ளும். நேர் எதிராகத் தென்கிழக்கிலிருந்து வருவது ‘ஓத்தான்’. அது கிளம்பினால் லோராகே சமவெளியில் ஒதுங்க இடமே கிடையாது, நாள் தூரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். தார்ப் பகுதியில் நாளுக்கு 70 கிலோமீட்டர் சுலபம். ஓம்ஸ் தாண்டியபின் 45 போதும். ஐந்து நாள் வைத்தால் அவசரம் இருக்காது. ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை, பிறகு செப்டம்பர்: இவைதான் சரியான காலம். குளிர்காலத்தில் படகுப் போக்குவரத்து நிற்பதால் கரையோர உணவகங்கள் நிறைய மூடியிருக்கும்.

தங்க ‘அக்கேய் வெலோ’ என்ற பலகை உள்ள இடங்களைத் தேடுங்கள். சைக்கிள் பூட்டிவைக்க இடமும் அடிப்படைப் பழுதுக் கருவிகளும் கட்டாயம் இருக்கும். ஊர்க் கடைகள் மதியம் மூடிவிடும், ஞாயிறு மதியத்துக்கு மேல் கிட்டத்தட்ட எதுவும் கிடைக்காது, திங்களன்று ரொட்டிக் கடையும் பல ஊர்களில் விடுமுறை. சனிக்கிழமையே இரண்டு வேளைக்கு வாங்கி வையுங்கள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.

சிறு குழந்தைகளை, இழுவண்டியை ஓம்ஸ் – கொலொம்பியே பகுதிக்குக் கொண்டுவராதீர்கள். அவர்களுக்கு ‘பாஸா பாயிஸ்’ இருக்கிறது: மஸாமே ஊரிலிருந்து பெதாரியூ வரை, பழைய ரயில் தடத்தில் போட்ட முக்கால் நூறு கிலோமீட்டர் சரளைப் பாதை. ரயிலுக்காகச் சமன்செய்த தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் எங்கேயும் இல்லை, அகலமும் தாராளம், வேரும் கிடையாது. லாபஸ்தீத் ரூவெய்ரூவுக்கும் குர்னியூவுக்கும் நடுவே 700 மீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம் வருகிறது. உள்ளே ஈரமும் குளிரும். விளக்கும் மேற்சட்டையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குறை என்றால், சாலை குறுக்கிடும் இடங்களில் வைத்திருக்கும் தடுப்புகள். அகலமான பைகளோ இழுவண்டியோ இருந்தால் பொறுமையாக நுழைக்க வேண்டும்.

நல்ல சைக்கிள் உள்ளவர்கள் இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாம். கால்வாயில் பெசியே வரை வந்து, உள்ளூர் ரயிலில் பெதாரியூ. அங்கிருந்து பாஸா பாயிஸ் வழியாக மஸாமே. மஸாமேயிலிருந்து துலூஸுக்கு நேரடி உள்ளூர் ரயில். உள்ளூர் ரயில்களில் சைக்கிளுக்குக் கட்டணமில்லை, ஆனால் கொக்கிகள் சில மட்டுமே. கோடை வார இறுதியில் முதல் ரயிலைப் பிடியுங்கள். பெசியே – பெதாரியூ வண்டி நாளுக்குச் சில தடவைதான் ஓடுகிறது என்பதால், கபெஸ்தாங்கில் தங்கும் இரவே மறுநாள் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.